அம்சவல்லி ஸ்டாப்பிங்

அத்தியாயம் 11

போன வாரம் சந்தனமேரியைக் கேரவன் படியில், கையில் பால் பாக்கெட்டோடு நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். பாக்கெட்டின் ஜில்லிப்பு அடங்குகிற வரைக்கும் அவள் அங்கேயேதான் நின்றாள். அப்புறம் உள்ளே போனாள். பாலைக் காய்ச்சினாள், காபி போட்டாள், புருஷனிடம் நீட்டினாள். கேட்க வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் கேட்கவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாற்பதாவது கல்யாண நாளுக்கென்று பெங்களூர் மகள் ஜெனிதா ஏழு நாளைக்கு ஏற்பாடு செய்து கொடுத்த கேரவன் அது. மரக்காணம் கடற்கரை ஓரம் சவுக்குத் தோப்பில் நிற்கிறது. கட்டில், அடுப்பு, ஏ.சி., குளிக்கிற இடம் எல்லாம் வண்டிக்குள்ளேயே. கேரவன் என்றால் சினிமாக்காரர்களுக்குத்தான் என்று நினைத்திருந்த ஊர் சனம் முதல் இரண்டு நாள் தோப்பு வாசலில் கூடி நின்றது. வண்டியைப் பார்த்துக்கொள்கிற கண்ணாயிரமும் சும்மா இருக்கவில்லை. "மேடம் ரெஸ்ட்ல இருக்காங்க, அப்புறமா வாங்க" என்று சொல்லி அனுப்பினான். அறுபத்தோரு வயதில் மேடம் ஆனதில் சந்தனமேரிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமையெல்லாம் நேற்றுக் காலையோடு சரி.

பால் கொண்டுவந்த கண்ணாயிரம் பேச்சுவாக்கில், "அம்சவல்லி ஸ்டாப்பிங் கடையிலதாம்மா வாங்கினேன்" என்றான். அதென்ன பேர் என்று இவள் கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அது கவர்மெண்ட் வெச்ச ஸ்டாப்பிங் இல்லம்மா. அந்தக் காலத்துல பாண்டி ரூட்டு டிரைவர் ஒருத்தரு, உப்பளத்துல வேலை செய்ற அம்சவல்லின்ற பொம்பளைக்காகத் தெனம் நடுரோட்டுல வண்டிய நிறுத்துவாராம். நிறுத்தி நிறுத்தி அந்த எடத்துக்கே அது பேரு வந்துடுச்சு. டிரைவர் பேருகூட... ஏசுபாதமோ, ஏசுராஜோ."

ஏசுராஜ்தான். முப்பத்தெட்டு வருஷம் பாண்டிக்கும் மரக்காணத்துக்கும் பஸ் ஓட்டி, மூன்று வருஷம் முன்னால் ஓய்வு பெற்றவர். அந்த நேரம் உள்ளே கட்டிலில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர். சந்தனமேரியின் வீட்டுக்காரர்.

சொந்த வீடாக இருந்தால் கோபித்துக்கொண்டு இன்னொரு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். கேரவனில் அதற்கும் வழியில்லை. ஒருத்தர் நடக்க வேண்டுமென்றால் இன்னொருத்தர் உட்கார வேண்டும். அவர் மூச்சு விடுவது இவள் காதில் விழுகிற தூரம். அந்த வண்டிக்குள் ஒரு நாள் முழுக்க மூன்று பேராக இருந்தார்கள். மூன்றாவது ஆள் உள்ளே இருப்பது ஏசுராஜுக்குத்தான் தெரியாது.

எப்படி இருப்பாள் அம்சவல்லி? சந்தனமேரி அரிசி களையும்போது அவள் ஒல்லியாக இருந்தாள். பாத்திரம் துலக்கும்போது இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடையோடு இருந்தாள். தூங்கப் போகிறபோது ஒரு முழம் கனகாம்பரமும் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

*

இன்று காலை ஏசுராஜ் பல் விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். எதிரில் காபி இல்லை. சந்தனமேரியின் துணிப்பை இருந்தது. ஜிப் போட்டு மூடியிருந்தது.

"என்ன மேரி, எங்க கெளம்பிட்ட?"

"பாண்டிக்கு, நம்ம வீட்டுக்கு."

"இன்னும் மூணு நாள் இருக்குதே? நாளைக்குத்தானே கல்யாண நாளே?"

"நீங்க இருங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஊரு, தெரிஞ்ச ஆளுங்க. நான் பஸ்ஸுல போய்க்கிறேன். எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க. மாதா கோயில் ஸ்டாப்பிங்கா, அம்சவல்லி ஸ்டாப்பிங்கா?"

அவர் துண்டால் வாயைத் துடைத்தார். துடைத்த வாயையே மறுபடியும் துடைத்தார். நாற்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறவளுக்கு அந்த இரண்டாவது துடைப்பே போதும். கண்ணாயிரம் சொன்னது ஊர்க்கதை இல்லை.

"யாரு சொன்னா உங்கிட்ட?"

"யாரு சொன்னா என்ன? ஸ்டாப்பிங்குக்கே பேரு வெச்சிருக்கீங்க. நம்ம வீட்டு சமையக்கட்டு ஜன்னலுக்காவது எம்பேர வெச்சிருக்கீங்களா?"

"ஐயோ, அது நான் வெச்ச பேரு இல்ல மேரி. கண்டக்டருங்க கூவிக் கூவி..."

"கண்டக்டரு எதுக்குக் கூவுறான்? நீங்க நிறுத்துனீங்க, அவன் கூவுனான்."

பஸ்ஸை நிறுத்தினது ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்பீர்கள். வேறொருத்தி புருஷன் நிறுத்தியிருந்தால் சந்தனமேரியே நல்ல மனுஷன் என்று சொல்லியிருப்பாள். ஆனால் அவளுக்கு மறக்காத ஒரு சித்திரை மாதத்துப் பகல் இருக்கிறது.

ஜெனிதா வயிற்றில் ஏழு மாதம். கீழ்புத்துப்பட்டில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தவள், பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகப் புருஷன் ஓட்டுகிற பதினோரு மணி வண்டியையே பிடிக்கலாமென்று கிளம்பினாள். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. ஸ்டாப்பிங்குக்கு இன்னும் இரண்டு ஃபர்லாங் இருக்கும்போதே பின்னால் பஸ் சத்தம். திரும்பி நின்று கையைக் காட்டினாள். ஒரு கை போதாதென்று குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் காட்டினாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அவரும் பார்த்தார். பஸ் நிற்கவில்லை. அவள் தலையில் புழுதியை வாரிக் கொட்டிவிட்டுப் போயே போய்விட்டது.

சாயங்காலம் கேட்டதற்கு அவர் சொன்னார்: "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் மேரி. பொண்டாட்டிக்கு நடுரோட்டுல நிறுத்துனா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?"

அழுதாள். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அதையே பெருமையாக்கிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? "எங்க வீட்டுக்காரரு பொண்டாட்டிக்கே வண்டி நிறுத்தாதவரு" என்று தெருக் குடும்பங்கள் ஜெபத்துக்குக் கூடுகிற அன்பியக் கூட்டங்களில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! முப்பத்தேழு வருஷமாகச் சேர்த்த பெருமை. ஒரு பால் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அதைக் கண்ணாயிரம் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"எனக்கு சட்டம். அவளுக்கு ஸ்டாப்பிங்கு. அப்படித்தானே?"

ஏசுராஜ் கடல் பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"உன்னாலதான் மேரி அவங்களுக்கு நிறுத்தினேன்."

"என்னாலயா? நல்லா இருக்குதே கதை!"

"அன்னிக்கு உன்னத் தாண்டிப் போனேன் பாரு... கண்ணாடியில பார்த்தேன். கீழ கெடக்குற கொடைய எடுக்கக் குனிய முடியாம நின்னுட்டிருந்த. பிரேக்குல காலு போச்சு. அமுக்கல. வீம்பு. அதுக்கப்புறம் ஒரு வாரம் எனக்குத் தூக்கமே இல்ல. அப்பதான் ஒருநாளு உப்பளத்துக்கிட்ட அந்தப் பொம்பள கையக் காட்டுச்சு. வெறுங்காலு, தாரு கொதிக்குது. நீ நிக்கிற மாதிரியே இருந்துச்சு எனக்கு. நிறுத்திட்டேன். அப்புறம் தெனம் நின்னுச்சு வண்டி."

 கண்ணாடியில் பார்த்தாராமே! குனிய முடியாமல் நின்றதையும் பார்த்தாராமே! இத்தனை வருஷமாக யாரும் பார்க்கவில்லை என்று அவள் நினைத்திருந்த காட்சி அது. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினது போலிருந்தது.

ஆனால் பாதிப் படி இறங்கின பொறாமை அங்கேயே திரும்பி நின்றது.

"அப்ப அது என்னோட ஸ்டாப்பிங்கு" என்றாள்.

"என்ன மேரி?"

"தப்பு பண்ணது எனக்கு. அதுக்கு வருத்தப்பட்டது அவளுக்கா? 'தெரியாம செஞ்சிட்டேன் மேரி'ன்னு எங்கிட்ட ஒரே ஒரு தடவ வந்து சொல்லியிருக்கலாமே. எனக்குச் சேர வேண்டியத தெனமும் கொண்டுபோய் எவளுக்கோ குடுத்திருக்கீங்க."

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். பேப்பரை எடுத்தார். நேற்றையப் பேப்பர் என்று கண்டு கீழே வைத்தார்.

சந்தனமேரி துணிப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "எழுந்திருங்க. அந்த எடத்த நான் பாக்கணும்."

"அங்க என்ன இருக்குது பாக்க? வெறும் ரோடு, ஒரு டீக்கடை. வெயிலு வேற..."

"நான் நிக்க வேண்டிய எடம். ஒரு தடவ நின்னுட்டு வர்றேன்."

"இன்னொரு நாளு போலாமே மேரி."

வெயிலுக்காகத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

மாதா திருவிழாவுக்குக் கட்டுகிற நீலப் பட்டுப் புடவையைச் சந்தனமேரி எடுத்துக் கட்டினாள். பவுடர் பூசினாள். முழங்காலில் டாக்டர் போடச் சொன்ன பட்டையைக் கழற்றிக் கட்டில் மேல் போட்டாள். அது போட்டால் நடை கிழவி நடையாகிவிடுகிறது.

கேரவன் படி இறங்கியதும் கண்ணாயிரம் கண்ணை அகல விரித்தான். "என்ன மேடம், இன்னிக்கு ஷூட்டிங்கா?"

"ஆமா. ஃபைட்டு சீன்" என்றாள்.

ஏசுராஜ் இருமினார்.

ஆட்டோவில் பத்து நிமிஷம். இறங்கினபோது மணி பத்தரை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கண் கூசுகிற மாதிரி உப்புப் பாத்திகள். வாரிக் குவித்த உப்பு வரிசை வரிசையாக. நிழல் என்று சொல்ல எதிர்ப்பக்கம் அரசப்பன் டீக்கடையின் கீற்றுக் கொட்டகை ஒன்றுதான். இந்தப் பக்கம் ஒரு மைல்கல். அதுதான் ஸ்டாப்பிங். போர்டு இல்லை, கூரை இல்லை. ஒரு பேரை மட்டும் தாங்கிக்கொண்டு நிற்கிற இடம்.

"ஐய, டிரைவர் அண்ணனா!" எதிரிலிருந்து அரசப்பன் ஓடி வந்தார். "தலையெல்லாம் வெளுத்துப் போச்சே! வாங்கண்ணே, உங்க பழைய கிளாஸ்லயே ஒரு டீ போடுறேன்."

"போய்ட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள் சந்தனமேரி.

அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினார்.

விடியும் முன்னே உப்பு வாரப் போனவர்கள் வேலை முடிந்து வரப்பு மேல் வந்துகொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஏழெட்டுப் பெண்கள். அதில் ஒருத்தி இவளைப் பார்த்துவிட்டு, டீக்கடையைப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று தனியாக வந்தாள். குள்ளம். கறுப்பு. புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் சுற்றின துண்டு. காலில் உப்புத் தண்ணி அரித்து அரித்துப் பாளம் பாளமாக வெடிப்பு.

"அண்ணிதானே நீங்க? நான் அம்சவல்லி அண்ணி!"

இவளா? சந்தனமேரிக்குச் சட்டென்று ஒரு நிம்மதி வந்தது. நேற்றெல்லாம் கனகாம்பரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் எழுந்து ஓடிவிட்டாள். இவளுக்காகக் கட்டிவந்த நீலப் பட்டுப் புடவையைப் பார்க்கத் தனக்கே வெட்கமாயிருந்தது. அதற்குள் அம்சவல்லி சிரித்தாள். அறுபது வயதிலும் ஒரு பல் விழாத சிரிப்பு. நிம்மதியில் பாதி போய்விட்டது.

"ஜெனிதா பாப்பா நல்லாருக்குதா? பெங்களூர்லதானே இன்னும்? ரெண்டாவது கொழந்தைக்கு மூச்சு எளைக்குதுன்னு அண்ணன் சொல்லிட்டிருந்துச்சே, இப்ப பரவால்லையா?"

மீதிப் பாதியும் போனது.

"பரவால்ல" என்றாள் சந்தனமேரி.

அம்சவல்லி தலைத்துண்டை அவிழ்த்து உதறி மைல்கல் மேல் விரித்தாள். "குந்துங்க அண்ணி. முட்டி நோவுது பாருங்க உங்களுக்கு."

முட்டிப் பட்டையைக் கழற்றியும் கண்டுபிடித்துவிட்டாளே! உட்காரக் கூடாது என்றுதான் நினைத்தாள். முட்டி கேட்கவில்லை. உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. இந்த இடம் யாருடையது என்று இவளுக்குத் தெரிய வேண்டும். சண்டையாக இல்லை, நல்லபடியாகவே.

"உனக்கு எதுக்கு அவரு வண்டி நிறுத்துனாருன்னு தெரியுமா அம்சவல்லி?"

"எரக்கப்பட்டுத்தான் அண்ணி. வேறென்ன?"

"எரக்கம்தான். ஆனா அது என்னால வந்த எரக்கம்" என்று சந்தனமேரி தொடங்கினாள். ஏழு மாதத்தைச் சொன்னாள். இரண்டு ஃபர்லாங்கைச் சொன்னாள். குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினதைச் சொன்னாள். கண்ணாடியில் அவர் பார்த்ததைச் சொல்லும்போது அவள் குரலே கொஞ்சம் குழைந்துவிட்டது.

அம்சவல்லி வாயில் கை வைத்தாள். "ஐயோ அண்ணி! கீழ்புத்துப்பட்டு கிட்ட, பச்சைப் பொடவை... அது நீங்களா?"

சந்தனமேரி நிமிர்ந்தாள். பச்சைப் புடவை என்று அவள் சொல்லவே இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அந்த வண்டியிலதான் அண்ணி இருந்தேன்! 'அண்ணே, புள்ளத்தாச்சி நிக்குது, நிறுத்துண்ணே'ன்னு கத்துனதே நான்தான். அண்ணன் காதுலயே போட்டுக்கல. எறங்குறப்ப சண்டையே போட்டேன். எனக்கு மட்டும் தெனம் நிறுத்துறியே, அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சுன்னு கேட்டேன். ஒரு வார்த்தை பேசல. அது நீங்கன்னு இத்தினி வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்ல பாருங்களேன்!"

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சந்தனமேரி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ எங்க ஏறின?"

"எப்பவும் ஏறுற எடம்தான் அண்ணி. இங்கதான்."

அப்படியானால் வருத்தப்பட்ட பின்னால் நிறுத்தினது இல்லை. அவள் புழுதியில் நின்ற அன்றைக்கே, அதற்கு அரைமணி முன்னால், இதே கல்லுக்குப் பக்கத்தில் அந்த வண்டி நின்றுவிட்டுத்தான் போயிருக்கிறது. சட்டம் அன்றைக்கே அவள் ஒருத்திக்கு மட்டும்தான். காலையில் நெஞ்சை லேசாக்கின அந்தக் கதை பொய்தானா?

ரோட்டைத் தாண்டி ஏசுராஜ் வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் டீ. ஒன்றை மனைவியிடம் நீட்டினார்.

சந்தனமேரி வாங்கவில்லை. சிரித்த முகமாகவே கேட்டாள்.

"என்னங்க, காலையில எங்கிட்ட சொன்னீங்களே, எனக்கு நிறுத்தாம போனதுக்கு அப்புறம்தான் அம்சவல்லிக்கு நிறுத்த ஆரம்பிச்சேன்னு. அத இவ எதிர்லயும் ஒரு தடவ சொல்லுங்களேன்."

டீ கிளாஸ் நீட்டின கையிலேயே நின்றது. ஏசுராஜ் மனைவியைப் பார்க்கவில்லை. அம்சவல்லியைப் பார்த்தார். கண் இமைக்கிற நேரம்தான்.

"ஆமாம் அண்ணி" என்றாள் அம்சவல்லி உடனே. "அண்ணன் சொல்றதுதான் சரி. எனக்கு வயசாயிடுச்சுல்ல, என்னிக்கோ பார்த்த எந்தப் புள்ளத்தாச்சியையோ நெனச்சு ஒளறிட்டேன். அதுக்கப்புறம்தான். நல்லா ஞாபகம் வருது இப்ப."

என் அருமைப் பெண்களே, புருஷன் சொன்ன பொய் சந்தனமேரியை அவ்வளவு சுடவில்லை. அவர் எதுவுமே சொல்லாமல் இன்னொருத்திக்குப் புரிந்துவிட்டதே, அதுதான் சுட்டது. உப்பு வேண்டுமா என்று நாற்பது வருஷமாக அவரிடம் வாய்விட்டுக் கேட்டுத்தான் சந்தனமேரி போட்டிருக்கிறாள். இவளுக்கு ஒரு பார்வை போதுமாயிருக்கிறது.

அவள் டீயை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள்.

"டீ நல்லா இருக்குது" என்றாள். "அம்சவல்லி, நாளைக்கு எங்களுக்குக் கல்யாண நாள். நாப்பது வருஷம். நீ மத்தியானம் எங்க கேரவனுக்கு வந்து எங்களோட சாப்பிடணும்."

"அவங்களுக்கு வேலை இருக்கும் மேரி..." என்றார் ஏசுராஜ்.

"வேலைதான் பத்தரைக்கு முடிஞ்சிடுதே. நானே பாக்குறேனே." அவள் அம்சவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சொரசொரப்பான, சூடான கை. "உனக்கு என்ன புடிக்கும்? நல்ல நண்டா வாங்கிட்டு வரச் சொல்லி மசாலா போட்டுடுறேன். மூணு பேருக்கும்."

"ஐயோ, நண்டு வேணாம் அண்ணி!" அம்சவல்லி பதறிவிட்டாள். "அண்ணனுக்கு அது ஒத்துக்காது. ஒடம்பெல்லாம் தடிச்சுப் போயிடும்."

ரோட்டில் ஒரு லாரி போயிற்று. அது போய், அதன் சத்தம் அடங்குகிற வரைக்கும் சந்தனமேரி பிடித்த கையை விடவில்லை.

"எனக்குத் தெரியும் அம்சவல்லி" என்றாள். "உனக்குத் தெரியுமான்னுதான் பார்த்தேன்."